தந்தியும் கஞ்சா டிங்சரும் தந்த டாக்டர்

வெளியூரில் வேலை பார்த்த தமிழர்களுக்கு ஒரு காலத்தில் தந்தி என்றாலே வயிற்றைக் கலக்கும். தாயார் உடல்நிலை மோசம், உடனே புறப்படு என்று நாலு வார்த்தை வரும். அதைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடி, உட்கார இடம் இல்லாமல் கதவோரம் நின்றபடியே ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர்.

அந்தத் தந்தி 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய 160 ஆண்டுகள் அது ஓடியது. அதற்குக் கம்பி போட்டவர் என்ஜினீயர் அல்ல. அவர் ஒரு டாக்டர்.

அதே டாக்டர்தான் கஞ்சாவை மேல்நாட்டு மருத்துவ உலகுக்கு ஆராய்ந்து காட்டியவர். அவர் காட்டிய வழியில்தான் ஒற்றைத் தலைவலிக்கும் வலிப்புக்கும் கஞ்சாச் சாற்றை ஐரோப்பிய டாக்டர்கள் 50 ஆண்டுகளுக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள். பிறகு அது கைவிடப்பட்டது. இன்று மறுபடியும் அந்தப் பேச்சு எழுந்திருக்கிறது.

அவர் பெயர் வில்லியம் புரூக் ஓஷானசி.

அயர்லாந்துப் பையன்

ஓஷானசி 1809-ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டின் லிமரிக் நகரில் பிறந்தார். ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படித்து, 1829-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 

பட்டம் கிடைத்தது. பிழைப்பு கிடைக்கவில்லை. லண்டன் நகரில் டாக்டர் தொழில் நடத்த அங்குள்ள வைத்தியர் சங்கத்தின் அனுமதி வேண்டும். வெளியூர்ப் பட்டம் பெற்றவர்களுக்கு அது எளிதில் கிடைக்காது. ஓஷானசி ரசாயனப் பரிசோதனை செய்து வயிற்றைக் கழுவினார். விஷம் சம்பந்தமான வழக்குகளில் உதவினார். லண்டன் கடைகளில் விற்ற மிட்டாய்களில் நிறத்துக்காக ஈயமும் தாமிரமும் கலந்த விஷச் சாயம் சேர்க்கிறார்கள் என்பதைப் பரிசோதித்து எழுதினார்.

1831-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காலரா புகுந்தது. நோயாளிகள் நீலம் பாரித்துச் செத்தார்கள். பெரிய டாக்டர்கள், இருக்கிற ரத்தத்தையும் குத்தி வெளியே எடுத்தார்கள். அந்தக் காலத்து வைத்தியம் அப்படி.

22 வயது ஓஷானசி காலரா கண்ட ஊர்களுக்கு நேரே போனார். நோயாளிகளின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார். ரத்தத்தில் இருக்க வேண்டிய தண்ணீரும் உப்பும் பெருமளவு வெளியேறிவிட்டதைக் கண்டுபிடித்தார். போனதைத் திருப்பிக் கொடுத்தால் உயிர் பிழைக்கும் என்று லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகைக்கு எழுதினார்.

அதைப் படித்த தாமஸ் லாட்டா என்ற ஸ்காட்லாந்து டாக்டர், 1832-இல் நோயாளிகளின் நரம்பு வழியாக உப்புத் தண்ணீர் ஏற்றினார். சாகக் கிடந்தவர்களில் சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள். இன்று ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேலே தொங்குகிறதே சலைன் பாட்டில், அதன் தொடக்கம் இதுதான்.

ஆனால் அந்த யோசனை அன்று எடுபடவில்லை. லண்டனிலும் நல்ல வேலை கிடைக்கவில்லை. வேறு வழி இல்லாமல் 1833-இல் கிழக்கிந்தியக் கும்பினியில் உதவி டாக்டராகச் சேர்ந்து, ஓஷானசி கப்பல் ஏறினார். பிழைப்புத் தேடி ஊரை விட்டு வந்தவர்களில் அவரும் ஒருவர்.

கல்கத்தாவில்

1835 ஜனவரியில் கல்கத்தா மருத்துவக் கல்லூரி தொடங்கியது. சென்னையிலும் அதே ஆண்டு பிப்ரவரியில் மருத்துவப் பள்ளி திறந்தார்கள். கல்கத்தாக் கல்லூரியில் ஓஷானசி ரசாயனப் பேராசிரியர் ஆனார்.

இந்தக் கல்லூரியில்தான் 1836-இல் பண்டிதர் மதுசூதன் குப்தா, ஜாதிக் கட்டுப்பாட்டை மீறிப் பிணத்தை அறுத்துப் பாடம் கற்பித்து வரலாறு படைத்தார்.

வெள்ளைக்கார டாக்டர்கள் பலர் நாட்டு மருந்துகளை ஏறெடுத்தும் பார்க்காத காலம் அது. ஓஷானசி அப்படி இல்லை. கப்பலில் வரும் மருந்து விலை அதிகம். வந்து சேர்வதற்குள் கெட்டும் போகும். இந்த மண்ணில் விளைவதை ஏன் ஆராயக்கூடாது என்று நினைத்தார்.

கடைத்தெருவில் விற்ற பட்டை, வேர், இலை, பிசின் எல்லாவற்றையும் வாங்கி வந்தார். மதுசூதன் குப்தா போன்ற பண்டிதர்களிடம் சமஸ்கிருத நூல்களில் உள்ளதைக் கேட்டார். யுனானி ஹக்கீம்களிடம் பாரசீக, அரபு நூல்களில் உள்ளதைக் கேட்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்தார்.

அவற்றில் ஒன்று கஞ்சா.

முதலில் நாய்

கஞ்சா இந்தியாவுக்குப் புதிது அல்ல. வங்காளத்தில் சாமியார்கள் புகைத்தார்கள். ஹோலிக்குப் பாங்கு அரைத்துக் குடித்தார்கள். நாட்டு வைத்தியர்கள் மருந்திலும் சேர்த்தார்கள். எந்த வியாதிக்கு எவ்வளவு கொடுக்கலாம், எவ்வளவு போனால் ஆபத்து என்று அளந்து எழுதி வைத்த ஐரோப்பிய டாக்டர் இல்லை. ஓஷானசி அதைச் செய்யத் துணிந்தார்.

எடுத்தவுடன் மனிதருக்குக் கொடுக்கவில்லை. முதலில் நாய்க்குக் கொடுத்தார். அது தள்ளாடி விழுந்து தூங்கி, சில மணி நேரத்தில் எழுந்து பழையபடி ஆனது. பூனை, மீன், கழுகு, ஆடு, மாடு, குதிரை, குரங்கு என்று வரிசையாகச் சோதித்தார். மாமிசம் தின்னும் பிராணிகளுக்குப் போதை ஏறியது. புல் தின்னும் பிராணிகளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இதையும் குறித்து வைத்தார்.

பிறகு மருத்துவ மாணவர்கள் சிலர் தாங்களே முன்வந்து சிறிய அளவு சாப்பிட்டார்கள். வாய் திறவாத சாதுவான மாணவன் ஒருவன், தன்னை ராஜா என்று நினைத்துக் கொண்டு தர்பார் நடத்தினான். மறுநாள் பழைய சாதுவாகிவிட்டான்.

அடுத்து, மூட்டு வாதத்தில் தவித்த மூன்று நோயாளிகளுக்கு ஆளுக்கு ஒரு கிரெயின் பிசின் கொடுத்தார். ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லி கிராம். மத்தியானம் இரண்டு மணிக்கு மருந்து சாப்பிட்ட ஒருவர் நாலு மணிக்கு ஓயாமல் பேசினார், பாடினார். ஆறு மணிக்குத் தூங்கினார். எட்டு மணிக்கு மரக்கட்டை போல் கிடந்தார். கையைத் தூக்கிவிட்டால் தூக்கியபடியே நின்றது. காலை மடக்கினால் மடக்கியபடியே இருந்தது. பார்த்தவர்கள் பயந்துவிட்டார்கள். நல்ல வேளையாக, மயக்கம் தெளிந்து அவர் எழுந்துவிட்டார்.

ஓஷானசி இதை மறைக்கவில்லை. ஒரே அளவு மருந்து ஒருவருக்கு ஒன்றும் செய்யாது, இன்னொருவரைக் கட்டையாகக் கிடத்தும் என்பது அவருக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அளவைக் குறைத்தார்.

40 நாள் குழந்தை

வெறிநாய் கடித்து வந்த ஒரு ஹக்கீமுக்கும் அவர் இந்த மருந்தைக் கொடுத்தார். தண்ணீரைக் கண்டாலே உடல் முறுக்கித் துடித்த மனிதர், மருந்துக்குப் பிறகு ஆரஞ்சுச் சாறும் சோறும் விழுங்கினார். உயிரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் துடிதுடித்துச் சாகவில்லை, அமைதியாக அடங்கினார். குணப்படுத்த முடியாத வியாதியிலும் வேதனையைத் தணிப்பது டாக்டரின் கடமை என்று ஓஷானசி எழுதி வைத்தார்.

ரண ஜன்னி கண்டு உடம்பு வில்லாக வளைந்த நோயாளிகளுக்கும் கொடுத்தார். பலர் பிழைத்தார்கள்.

அவர் மனத்தை அதிகம் உலுக்கியது ஒரு குழந்தையின் வழக்கு. பிறந்து 40 நாளே ஆன பெண் குழந்தை. இரவும் பகலும் வலிப்பு. மற்ற மருந்துகள் எல்லாம் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. குழந்தை எலும்பும் தோலுமாகிவிட்டது. பெற்றோர் நம்பிக்கை இழந்த நிலையில், கஞ்சா டிங்சரை ஒரு சொட்டில் தொடங்கினார் ஓஷானசி. அளவைச் சற்று கூட்டியதும் குழந்தை ஆழ்ந்து தூங்கியது. எழுந்ததும் பாலுக்கு அழுதது. வலிப்பு நின்றது.

சில நாட்களில் மறுபடியும் வலிப்பு வந்தது. இந்தத் தடவை மருந்து எளிதில் பிடிக்கவில்லை. சொட்டுகளைக் கூட்டிக் கொண்டே போக வேண்டியிருந்தது. கடைசியில் வலிப்பு ஓய்ந்தது. குழந்தை பிழைத்து, கொழுகொழுவென்று ஆனது.

மருந்து பலன் தரும், ஆனால் உடம்பு அதற்குப் பழகிப் போகும், பிறகு அதே அளவு போதாது. இன்றும் கஞ்சா விஷயத்தில் டாக்டர்கள் சொல்லும் எச்சரிக்கை அந்த ஒரு குழந்தையின் வழக்கிலேயே இருக்கிறது.

1839-இல் இவை எல்லாவற்றையும் ஓஷானசி கட்டுரையாக வெளியிட்டார். பலித்ததை மட்டும் எழுதவில்லை. பலிக்காததையும் எழுதினார். ஓயாமல் கஞ்சா குடிப்பவர்களுக்கு வரும் சித்தப் பிரமையையும் விளக்கி, அதைக் கண்டால் மருந்தை நிறுத்த வேண்டும் என்று எச்சரித்தார்.

1841-இல் விடுப்பில் லண்டன் போனபோது கஞ்சாவையும் எடுத்துப் போனார். ஆக்ஸ்போர்டு தெருவில் மருந்துக் கடை வைத்திருந்த பீட்டர் ஸ்குவயர் அதிலிருந்து சாறு இறக்கினார். ஸ்குவயர் சாறு என்ற பெயரில் அது ஐரோப்பா எங்கும் பரவியது. 1843-இல் ஓஷானசி லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பத்து ஆண்டுகளுக்கு முன் பிழைக்க வழி தராத அதே நகரம் அது.

கம்பி போட்ட கதை

கஞ்சா ஆராய்ச்சி நடந்த அதே 1839-இல், ஓஷானசி இன்னொரு காரியமும் செய்தார். கல்கத்தாத் தாவரவியல் பூங்காவில் மூங்கில் நட்டு, மைல் கணக்கில் கம்பியைச் சுற்றி, மின்சாரத்தால் சேதி அனுப்பினார். ஹூக்ளி ஆற்றுக்குள்ளும் மின்சாரத்தைச் செலுத்திக் காட்டினார். கும்பினி சர்க்கார் கண்டுகொள்ளவில்லை.

பத்து ஆண்டுகள் கழித்து டல்ஹவுசி பிரபு கவர்னர் ஜெனரலாக வந்தார். ஓஷானசியின் பழைய சோதனை அப்போது அவருக்குக் கைகொடுத்தது. 1850-இல் கல்கத்தாவிலிருந்து டைமண்ட் ஹார்பருக்குக் கம்பி போடும் வேலை தொடங்கியது. அந்தப் பாதையில் முதல் சேதியை டைமண்ட் ஹார்பரிலிருந்து அனுப்பியவர் சிவ சந்திர நந்தி என்ற வங்காளி. கல்கத்தா நாணயச் சாலையில் ஓஷானசியின் கீழ் வேலை பார்த்தவர். அவருக்கு வேலையைக் கற்றுக் கொடுத்து, பெரிய பொறுப்புகளில் நிறுத்தினார் ஓஷானசி.

1852-இல் தந்தி இலாகாவின் தலைமைப் பொறுப்பு ஓஷானசிக்குக் கிடைத்தது. இங்கிலாந்தில் போட்டது போல் மெல்லிய கம்பி போட்டால் இங்கே குரங்கு தொங்கும், புயல் அறுக்கும் என்று அவருக்குத் தெரியும். கனமான இரும்புக் கம்பியைப் போட்டார். 1854 மார்ச்சில் ஆக்ராவிலிருந்து கல்கத்தாவுக்குத் தந்தி வந்தது. 1855 பிப்ரவரியில் பொதுமக்களுக்கும் தந்தி திறந்துவிடப்பட்டது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை நகரங்கள் கம்பியால் இணைந்தன.

பம்பாய் - தாணா ரயில் ஓடியது 1853-இல். ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியது 1856-இல். ரயிலும் தந்தியும் ஒன்றாகவே நாட்டுக்குள் வந்தன. ஊரை விட்டுப் போகிறவனுக்கு ரயில். அவனுக்கு ஊரிலிருந்து சேதி சொல்லத் தந்தி.

1856-இல் விக்டோரியா ராணி அவருக்கு சர் பட்டம் கொடுத்தார். 1860-இல் உடல்நலம் கெட்டு ஓஷானசி இங்கிலாந்து திரும்பினார். அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். பெயரையும் வில்லியம் ஓஷானசி புரூக் என்று மாற்றிக் கொண்டார். அதன் பிறகு அவர் வெளி உலகில் அதிகம் தலைகாட்டவில்லை. 1889 ஜனவரி 8-ஆம் தேதி இங்கிலாந்தின் சவுத்சீ என்ற கடற்கரை ஊரில் காலமானார். வயது 79.

மண்டையைப் பிளக்கும் நோய்

அவர் விதைத்த கஞ்சாச் சாறு அதற்குள் நன்றாக வேர்விட்டிருந்தது.

ஒற்றைத் தலைவலி என்பது சாதாரணத் தலைவலி அல்ல. பெரும்பாலும் தலையின் ஒரு பக்கம் விண்விண் என்று தெறிக்கும். குமட்டும், வாந்தி வரும். வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. நாலு மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை படுத்தும். சிலருக்கு வலி வருவதற்கு முன் கண்ணில் மின்னல் போல் கோடுகள் ஓடும். ஷிப்டு முறையில் வேலை பார்த்து, நேரத்துக்குத் தூங்காமல், நேரத்துக்குச் சாப்பிடாமல் இருப்பவர்களைத் தேடி வரும் வியாதி இது.

1872-இல் ரிச்சர்டு கிரீன் என்ற டாக்டர், ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கக் கஞ்சாச் சாறு உதவுகிறது என்று பிராக்டிஷனர் என்ற மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். 1892-இல் வில்லியம் ஆஸ்லர் எழுதிய மருத்துவப் பாடநூலிலும் இந்த நோய்க்கு அது நல்ல மருந்தாகச் சொல்லப்பட்டது.

இவர்களுக்கு நடுவில் முக்கியமானவர் ரஸ்ஸல் ரேனால்ட்ஸ். விக்டோரியா ராணி குடும்பத்தின் டாக்டர்களில் ஒருவர். 30 ஆண்டுகளுக்கு மேல் கஞ்சாவை மருந்தாகக் கொடுத்த அனுபவத்தை 1890-இல், அதாவது ஓஷானசி இறந்த மறு ஆண்டு, லான்செட்டில் எழுதினார். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பலருக்கு நல்ல பலன் தெரிந்தது என்றார்.

அதோடு நிற்கவில்லை. வலிப்பு நோயாளிகளை அவர் இரண்டாகப் பிரித்தார். நீண்ட காலமாக உள்ள உண்மையான காக்காய் வலிப்புக்குக் கஞ்சா உதவவில்லை. ஆனால் மூளையில் கட்டி போன்ற கோளாறு ஏற்பட்டு, அதனால் வலிப்பு வந்த பெரியவர்கள் சிலருக்கு அது வலிப்பின் வேகத்தைத் தணித்தது. மூளையில் இருந்த கோளாறு மாறவில்லை. வெளியே தெரிந்த தொல்லை மட்டும் குறைந்தது.

ரேனால்ட்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னது, மிகச் சிறிய அளவில் தொடங்க வேண்டும், ஆளுக்கு ஆள் பலன் மாறும் என்பதுதான். 50 ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் ஓஷானசி கண்டதும் அதையேதான்.

ரிஜிஸ்தர் சொன்ன பொய்

1893-இல் இந்திய சர்க்கார் கஞ்சாவைப் பற்றி ஆராய ஒரு கமிஷன் போட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள்.

பைத்தியக்கார ஆஸ்பத்திரி ரிஜிஸ்தர்களில், நோய்க்குக் காரணம் என்ற கட்டத்தில் கஞ்சா என்று வரிசையாக எழுதியிருந்தது. கமிஷன் ஒவ்வொரு வழக்காகத் தோண்டிப் பார்த்தது. பல இடங்களில் எந்த விசாரணையும் இல்லாமல், கட்டத்தை நிரப்ப வேண்டுமே என்று கஞ்சா என எழுதியிருந்தது தெரிந்தது. காரியாலயத்தில் பாரம் நிரப்பும் எவருக்கும் இது எப்படி நடக்கும் என்று தெரியும்.

அதற்காகக் கமிஷன் கஞ்சாவுக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிடவில்லை. அளவோடு நின்றவர்களுக்குப் பெரிய கெடுதல் காணப்படவில்லை, ஆனால் மிதமிஞ்சினால் உடம்பும் மனமும் கெடும், ஏற்கெனவே மூளை பலவீனமாக உள்ளவர்களுக்குப் பைத்தியம் பிடிக்கவும் கூடும் என்று 1894-இல் அறிக்கை கொடுத்தது.

மருந்தாக அதன் காலமும் முடிந்து கொண்டிருந்தது. ஒரு புட்டியில் இருக்கும் வீரியம் அடுத்த புட்டியில் இல்லை. தண்ணீரில் கரையாததால் ஊசியாகப் போட முடியாது. 1899-இல் ஆஸ்பிரின் வந்தது. அதை அளந்து விழுங்கலாம். 1932-இல் பிரிட்டிஷ் மருந்துப் பட்டியலிலிருந்து கஞ்சா நீக்கப்பட்டது.

இன்றைய நிலை

1964-இல் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானி ரபேல் மெகூலமும் அவருடைய தோழர்களும், கஞ்சாவில் போதை தரும் பொருளைத் தனியே பிரித்தார்கள். அதன் சுருக்கப் பெயர் டி.எச்.சி. போதை தராத இன்னொரு பொருளும் அதில் உண்டு. அதன் சுருக்கப் பெயர் சி.பி.டி. நம் மூளையே கஞ்சாவைப் போன்ற ஒரு பொருளைச் சுரக்கிறது என்று 1992-இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு ஆனந்தம் என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள்.

2018-இல் அமெரிக்க அரசு, குழந்தைகளுக்கு வரும் இரண்டு கொடிய வலிப்பு நோய்களுக்கு சி.பி.டி. மருந்தை அனுமதித்தது. கல்கத்தாவில் ஒரு 40 நாள் குழந்தைக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பார்த்த காரியம், ஏறக்குறைய 180 ஆண்டுகள் கழித்து, சுத்தம் செய்து அளந்த மருந்தாக வந்து சேர்ந்தது. அந்த மருந்தும் டாக்டர் கண்காணிப்பில்தான். ஈரலைப் பாதிக்கக் கூடும். ஏற்கெனவே சாப்பிடும் வலிப்பு மாத்திரைகள் சிலவற்றோடு சேர்ந்தால் தூக்கமும் மயக்கமும் அதிகமாகும்.

ஒற்றைத் தலைவலிக்கு? 2024-இல் அமெரிக்க டாக்டர்கள் வெளியிட்ட ஆய்வில் 92 நோயாளிகள் பங்கு கொண்டார்கள். இரண்டு பொருள்களையும் அளந்து கலந்த ஆவியை இழுத்தவர்களுக்கு, இரண்டு மணி நேரத்தில் போலி ஆவியை இழுத்தவர்களைவிட வலி குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் அது அளந்து கொடுத்த மருந்து. தெருவில் கிடைக்கும் பொட்டலத்தில் எவ்வளவு இருக்கிறது, என்ன கலந்திருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது.

மூளையில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. சி.பி.டி. வலிப்பைத் தணிக்கும். போதை தரும் பொருள் மிதமிஞ்சினாலோ, ரசாயனத்தில் செய்த போலிக் கஞ்சாவாலோ வலிப்பு கிளம்பவும் கூடும். மூளை ரத்தக் குழாய்கள் திடீரென்று சுருங்கி, இடி விழுந்தது போல் தலைவலி வருவதற்கும் கஞ்சா ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. அடிக்கடி வலி நிவாரணி எடுத்தால் அந்தப் பழக்கமே தலைவலியாகத் திரும்பி வரும். அடிக்கடி கஞ்சா எடுக்கும் தலைவலிக்காரர்களிடமும் இந்தத் தொல்லை அதிகம் காணப்படுகிறது.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி கஞ்சா வைத்திருப்பதும் புகைப்பதும் குற்றம். ரூமில் கூட இருப்பவர் தலைவலிக்கு நல்லது என்று நீட்டினாலும் குற்றம்தான்.

வலிக்குப் பின்னால்

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ரேனால்ட்ஸ் எழுதியதில் அது இருக்கிறது. மருந்து தொல்லையைத் தணிக்கும். அடியில் உள்ள கோளாறு அப்படியே கிடக்கும்.

நம் நாட்டில் தலைவலியும் வலிப்பும் வருகிறவர்களில் பலருக்கு மூளையில் நாடாப்புழு முட்டையால் வந்த கட்டி இருக்கிறது. சிலருக்குக் காசநோய்க் கட்டி இருக்கிறது. ஸ்கேன் எடுத்தால் தெரியும். இரண்டுக்கும் மருந்து உண்டு. ஊரை விட்டுத் தனியாக இருப்பவர், லீவு போட முடியாது, சம்பளம் பிடிப்பார்கள் என்று வலியை மட்டும் மழுக்கிக் கொண்டே போனால், குணமாகக் கூடியதும் குணமாகாமல் போய்விடும்.

இதுவரை இல்லாத கடுமையான வலி திடீரென்று வந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், வலிப்பு வந்தால், ஒரு பக்கம் கை கால் விழுந்தால், பேச்சு குழறினால், பார்வை மங்கினால், தலையில் அடிபட்ட பிறகு வலி வந்தால், 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்கினால், அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் நரம்பு வைத்தியப் பிரிவு உண்டு. சாதாரண ஒற்றைத் தலைவலி என்று தெரிந்தாலும், அதைத் தணிக்கவும் வராமல் தடுக்கவும் இன்று தனித்தனி மாத்திரைகள் இருக்கின்றன.

ஓஷானசி கஞ்சாவைக் கண்டு பயப்படவும் இல்லை, அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டு ஆடவும் இல்லை. நாய்க்குக் கொடுத்துப் பார்த்து, அளவைக் குறைத்து, ஒவ்வொரு சொட்டாக எண்ணி, பலித்ததையும் பலிக்காததையும் நோட்டில் எழுதினார். காலராவிலும் அவர் செய்தது அதுதான். எல்லோரும் நோயாளியின் நீல நிறத்தைப் பார்த்து மிரண்டபோது, அவர் ரத்தத்துக்குள் என்ன குறைந்தது என்று தேடினார்.

அவர் போட்ட தந்திக் கம்பிகள் இன்று இல்லை. கஞ்சா டிங்சரும் மருந்துக் கடையில் இல்லை. உப்புத் தண்ணீர் பாட்டில் மட்டும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் தொங்குகிறது. அதில் அவர் பெயர் எழுதியிருக்காது.